இரண்டாம் தசமபாகமும் ஏழைகளின் தசமபாகமும்

தசமபாகம் என்றதும் காணிக்கைத் தட்டுதான் நினைவுக்கு வருகிறது. பழைய இஸ்ரவேலில் அது விளைச்சலில் ஒரு பங்கு. ஆலயப் பணி செய்த லேவியர் குலத்துக்குரிய பத்தில் ஒன்று போக, மிச்சத்தில் இன்னொரு பத்தில் ஒன்று எடுத்துவைப்பார்கள்.

ஏழாண்டுச் சுற்றில் 1, 2, 4, 5ஆம் ஆண்டுகளில் இதை இரண்டாம் தசமபாகமாக எருசலேமுக்குக் கொண்டுபோய், விளைவித்தவரே குடும்பத்தோடு உண்ண வேண்டும். எனக்கு வியப்பு இதில்தான்: விருந்துக்கே சட்டம்! தூரம் அதிகமென்றால் விளைச்சலைக் காசாக்கிக் கையில் முடிந்துகொண்டு போய், ஆடோ மாடோ திராட்சரசமோ, மனம் விரும்பியதை அங்கே வாங்கலாம் என்கிறது பைபிளின் உபாகமம் 14ஆம் அதிகாரம்.

3, 6ஆம் ஆண்டுகளில் பயணமில்லை. அதே பங்கு ஏழைகளின் தசமபாகமாகி, சொந்த ஊரிலேயே பரதேசி (அந்நியர்), திக்கற்ற பிள்ளை, விதவை ஆகியோரின் பசியாற்றும். ஏழாம் ஆண்டில் இரண்டுமில்லை, நிலத்துக்கே ஓய்வு.