புதுப் போனுக்குக் குடிபோக மூன்று வழிகள்: கேபிளா, கிளவுடா, வெறுங்கையா?

புதுப் போனை முதன்முறை ஆன் செய்ததும் மொழி, வைஃபை என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, நான்காவதோ ஐந்தாவதோ திரையில் அந்தக் கேள்வி வரும்: பழைய போனிலிருந்து எல்லாவற்றையும் கொண்டுவரவா? 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று அதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். ஐபோனில் தாண்டிவிட்டால், அந்தத் திரைக்குத் திரும்ப போனை முழுக்க அழித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் கூகுளின் முழுமையான நகல் வசதி முதல் அமைப்பின்போது மட்டுமே கிடைக்கும். ஆகவே எந்த வழி என்பதைப் பெட்டியைப் பிரிக்கும் முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது.

வழிகள் மூன்று. இரண்டு போன்களையும் கேபிளால் இணைத்து நேராக நகலெடுப்பது ஒன்று. கிளவுடில், அதாவது இணையச் சேமிப்பிடத்தில், இருக்கும் பேக்கப்பை இறக்கிக்கொள்வது இன்னொன்று. எதையும் கொண்டுவராமல் கணக்கில் மட்டும் நுழைந்து, வேண்டிய செயலிகளை ஒவ்வொன்றாக நிறுவிக்கொள்வது மூன்றாவது. நான் கேபிள் கட்சி. அருகருகே வைத்து வயரில்லாமல் நகலெடுப்பதும் இதே குடும்பம்தான், என்ன, வேகமும் உறுதியும் கொஞ்சம் குறைவு.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கேபிள் பழைய யுஎஸ்பி 2.0 தரத்தில் இருந்தாலும் நடைமுறையில் நொடிக்கு 30 எம்பி அளவுக்குப் போகும். 60 ஜிபி தரவு அந்தக் கணக்கில் 35 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதே 60 ஜிபியை 40 எம்பிபிஎஸ் (நொடிக்கு 40 மெகாபிட், அதாவது 5 எம்பி) இணைப்பில் கிளவுடிலிருந்து இறக்க மூன்றே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் இடையில் வேகம் குறையாமல் இருந்தால். இடமும் ஒரு தடை. கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி, அதையும் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் பங்குபோட்டுக்கொள்ளும். ஐகிளவுடில் இலவச இடம் 5 ஜிபிதான். ஆனால் புது ஐபோனுக்கு மாறுகிறவர்களுக்கு, பழைய போனின் 'ரீசெட்' பக்கத்தில் 'புதிய ஐபோனுக்குத் தயாராகு' என்ற பொருளில் ஒரு வசதி 2021இல் வந்த ஐஓஎஸ் 15 முதல் இருக்கிறது. இடம் போதாவிட்டாலும் 21 நாள் வரை தற்காலிகமாகக் கூடுதல் இடம் தருவார்கள். பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

ஆனால் வேகமோ இடமோ என் முடிவுக்குக் காரணம் அல்ல. அரை நாள் காத்திருப்பதால் யாருக்கும் பெரிய நட்டம் இல்லை. என்னென்ன வராது, அது வரவில்லை என்பது நமக்கு எப்போது தெரியும் என்பதுதான் விஷயமே.

கிளவுட் பேக்கப் என்றால் போனில் இருப்பதெல்லாம் மேலே போய்விடும் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆண்ட்ராய்டில் ஒரு செயலிக்கு 25 எம்பி வரைதான் தானியங்கி பேக்கப்பில் இடம். அதைத் தாண்டினால் அந்தச் செயலியின் தரவு மேலே போகாது, போகவில்லை என்று ஓர் அறிவிப்பும் வராது. இது போக, பேக்கப்பே வேண்டாம் என்று செயலியை எழுதியவர்களே தடுத்து வைக்கலாம். பல செயலிகள் அப்படித் தடுத்திருக்கின்றன. கேபிள் நகலுக்கு அந்த 25 எம்பி வரம்பு கிடையாது. ஆண்ட்ராய்டு 12 முதல் கிளவுடுக்குத் தனி விதி, போனிலிருந்து போனுக்குத் தனி விதி என்று பிரித்துவிட்டார்கள். அதனால் மேலே போக மறுக்கும் செயலிகள் சில கேபிள் வழியாக வந்துவிடுகின்றன. குறிப்பெடுக்கும் செயலிகள், விளையாட்டுகள், இணையமில்லாமல் இயங்கும் கணக்குப் புத்தகங்கள் போன்றவற்றில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

இரண்டு வழியிலும் வராதவையும் உண்டு. கைரேகையும் முகப்பதிவும் போனுக்குள் இருக்கும் பாதுகாப்பான சில்லை விட்டு வெளியே வராது, புதிதாகத்தான் பதிய வேண்டும். தட்டிப் பணம் செலுத்தப் பதிந்த அட்டைகளும் அப்படியே. வங்கிச் செயலிகள் உருவாக்கும் ரகசியச் சாவியும் அதே வகை வன்பொருளில் பூட்டப்பட்டிருக்கும். கோப்பு நகலானாலும் அதைத் திறக்கும் சாவி பழைய போனிலேயே தங்கிவிடும். புதுப் போனில் வங்கிச் செயலி உங்களை யாரென்றே தெரியாததுபோல நடந்துகொள்வது இதனால்தான், கோளாறு எதுவும் இல்லை. சிம்மை முதலில் புதுப் போனுக்கு மாற்றிவிட்டு, அதன் பிறகு வங்கிச் செயலியைப் பதிவு செய்யுங்கள். பல வங்கிகள் அந்தச் சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தி போகிறதா என்று பார்த்துத்தான் உள்ளே விடும்.

கேபிள் வழியில் இதெல்லாம் தெரியவரும்போது பழைய போன் மேசை மேல் உயிரோடு இருக்கும். கிளவுட் வழியில் போகிறவர்கள் பெரும்பாலும் பழைய போனைக் கொடுத்துவிட்டோ அழித்துவிட்டோதான் புதியதை அமைக்கிறார்கள். ஏதோ ஒன்று குறைகிறது என்று அன்று மாலை தெரிந்தால், எடுத்துவர மூலம் இல்லை. என் சாய்வுக்கு இதுதான் காரணம். கிளவுடிலேயே போவது என்று முடிவெடுத்தாலும் பழைய போனைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள், பாதி ஆபத்து குறையும்.

பழைய போன் இல்லாமல் தவிக்கவிடும் விஷயங்களில் முதலிடம் இரண்டடுக்குச் சரிபார்ப்புக் குறியீடுகளை (கடவுச்சொல்லுக்கு மேல் கேட்கப்படும் எண்களை) தரும் செயலிக்கு. கூகுள் ஆதென்டிகேட்டரில் கணக்கோடு ஒத்திசைக்கும் வசதி 2023இல்தான் வந்தது. அதை இயக்காதவர்களின் குறியீடுகள் பழைய போனில் மட்டும்தான் இருக்கின்றன. அதன் மெனுவில் 'டிரான்ஸ்ஃபர் அக்கவுன்ட்ஸ்', பிறகு 'எக்ஸ்போர்ட்' என்று போனால் ஒரு க்யூஆர் குறியீடு வரும், புதுப் போனால் அதை ஸ்கேன் செய்தால் போதும். கணக்குகள் நிறைய இருந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட க்யூஆர் வரும், முதலாவதோடு நிறுத்திவிடாதீர்கள். கூகுள் கணக்குக்கு மட்டுமாவது பத்து எட்டிலக்க பேக்கப் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது வாட்ஸ்அப். இது போனின் பொதுவான பேக்கப்பை நம்பாமல் தனக்கென ஒரு வழி வைத்திருக்கிறது. இரண்டும் ஆண்ட்ராய்டு, அல்லது இரண்டும் ஐபோன் என்றால், பழைய போனில் செட்டிங்ஸ், சாட்ஸ், 'டிரான்ஸ்ஃபர் சாட்ஸ்' என்று போய்த் தொடங்கிவிட்டு அந்தத் திரையை மூடாமல் வையுங்கள். புதுப் போனில் எண்ணைச் சரிபார்த்ததும் பழைய போனிலிருந்து உரையாடல்களைக் கொண்டுவரவா என்று கேட்கும். சம்மதித்தால் வரும் க்யூஆரைப் பழைய போனால் ஸ்கேன் செய்ய வேண்டும். தரவு இரண்டு போன்களுக்கு இடையில் நேராகப் போகிறது, கிளவுட் இடம் தேவையில்லை. இங்கே அவசரப்பட்டு 'ஸ்கிப்' அழுத்தினால் வெற்று வாட்ஸ்அப் திறக்கும். செயலியை நீக்கி மறுபடி நிறுவி, எண்ணை மறுபடி சரிபார்த்தால்தான் அந்த வாய்ப்பு திரும்ப வரும்.

கூகுள் டிரைவ் பேக்கப்பிலிருந்து மீட்பதென்றால் அதே எண், அதே கூகுள் கணக்கு இரண்டும் வேண்டும். முன்பு வாட்ஸ்அப் பேக்கப் டிரைவ் இடத்தில் சேராது, 2024 முதல் அதுவும் அந்த 15 ஜிபிக்குள் எண்ணப்படுகிறது. இடம் நிரம்பி பேக்கப் நின்றுபோய் மாதக்கணக்கில் கவனிக்காமல் இருப்பவர்கள் பலர். கடைசி பேக்கப் தேதியை இன்றைக்கே ஒருமுறை பாருங்கள். பேக்கப்புக்கு முழு மறையாக்கத்தை (என்கிரிப்ஷன்) இயக்கியிருந்தால் அதன் கடவுச்சொல் அல்லது 64 இலக்கச் சாவி வேண்டும். அது மறந்துபோனால் வாட்ஸ்அப் நிறுவனத்தாலும் திறந்து தர முடியாது. வாட்ஸ்அப்பின் இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்க ரகசிய எண்ணையும் மறந்து, மின்னஞ்சலும் கொடுக்காமல் இருந்தால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். பழைய போனில் இருக்கும்போதே அதை மாற்றிவிடுவது ஒரு நிமிட வேலை. டெலிகிராமில் இந்தத் தொல்லை இல்லை, எண்ணைக் கொடுத்து நுழைந்தால் உரையாடல்கள் தானே வந்து நிற்கும். ரகசிய உரையாடல்கள் மட்டும் பழைய போனோடு போய்விடும்.

இவ்வளவு சொன்னாலும் கேபிளில் சிக்கல் இல்லாமல் இல்லை. முதல் சிக்கல் கேபிளே. சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் தரவுக் கம்பிகள் இருக்காது. இணைத்ததும் சார்ஜ் குறி வந்து வேறெதுவும் நடக்கவில்லை என்றால் போனைச் சந்தேகிக்காமல் கேபிளை மாற்றிப் பாருங்கள். இரண்டு பக்கமும் டைப் சி உள்ள கேபிள் சிறந்தது. பழைய போனில் மைக்ரோ யுஎஸ்பி இருந்தால் ஓடிஜி அடாப்டர் (போனோடு இன்னொரு சாதனத்தை இணைக்க உதவும் சிறு இணைப்பான்) தேவைப்படும். நகல் நடக்கும்போது சார்ஜர் செருக இடம் இருக்காது, தவிர ஒரு போன் மற்றதற்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டும் இருக்கலாம். இரண்டிலும் பாதிக்கு மேல் சார்ஜ் ஏற்றிவிட்டுத் தொடங்குங்கள். பழைய போனின் திரைப்பூட்டு எண் கேட்கப்படும், கைரேகையையே நம்பி எண்ணை மறந்தவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். போன் நிறுவனங்களின் சொந்தக் கருவிகளும் (சாம்சங் ஸ்மார்ட் ஸ்விட்ச், விவோ ஈஸிஷேர் போன்றவை) உண்டு. ஒரே நிறுவனப் போனிலிருந்து அதே நிறுவனப் போனுக்குப் போகும்போது அலாரம், முகப்புத் திரை அடுக்கு வரை கொண்டுவரும். நிறுவனம் மாறினால் எது வரும் என்பது மாடலுக்கு மாடல் வேறுபடுகிறது, ஒரே விதி சொல்ல முடியாது.

ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குப் போகிறவர்களுக்கு 'மூவ் டு ஐஓஎஸ்' செயலி. தொடர்புகள், குறுஞ்செய்திகள், கேமரா படங்கள், நாட்காட்டி, வாட்ஸ்அப் ஆகியவை வரும், மற்றச் செயலிகளின் உள்தரவு வராது. நகல் முடியும்வரை அந்தச் செயலி ஆண்ட்ராய்டு போனின் திரையிலேயே திறந்திருக்க வேண்டும். இடையில் வேறு செயலிக்குப் போனாலோ, அழைப்பு ஒன்று வந்து திரை மாறினாலோ எல்லாம் நின்று முதலிலிருந்து தொடங்கும்.

கிளவுடுக்கும் நியாயம் உண்டு. போன் தொலைந்தோ உடைந்தோ போனால் அதுதான் ஒரே வழி, ஆகவே எந்தக் கட்சியாக இருந்தாலும் கிளவுட் பேக்கப்பை அணைத்து வைக்காதீர்கள். இரண்டு நிபந்தனைகள் மட்டும் நினைவில் இருக்கட்டும். புதிய பதிப்பு ஆண்ட்ராய்டில் எடுத்த பேக்கப்பைப் பழைய பதிப்பு உள்ள போனில் இறக்க முடியாது. வாங்கிய போன் பழைய பதிப்போடு வந்திருந்தால் முதலில் அதைப் புதுப்பிக்க வேண்டும். இன்னொன்று, 57 நாள் பயன்படுத்தாமல் கிடக்கும் ஆண்ட்ராய்டு போனின் பேக்கப்பைக் கூகுள் அழித்துவிடலாம். உடைந்த போனை அலமாரியில் போட்டுவிட்டு மூன்று மாதம் கழித்துப் புதியது வாங்குகிறவர்கள் ஏமாறுவது இதனால்.

வெறுங்கையோடு தொடங்குவதை நான் பரிந்துரைப்பது இரண்டு சூழல்களில்தான்: பழைய போனில் தீம்பொருள் சந்தேகம் இருந்தாலோ, காரணம் தெரியாமல் பேட்டரி கரைந்துகொண்டிருந்தாலோ. கெட்டதையும் சேர்த்து நகலெடுப்பதில் பொருளில்லை. சுத்தமாக இருக்கும், செயலிகளுக்குக் கொடுத்த அனுமதிகளை மறுபடி யோசித்துக் கொடுக்கலாம் என்பதெல்லாம் உண்மை, ஆனால் நகலெடுத்த பிறகு வேண்டாத செயலிகளை நீக்கினாலும் அதே பலன்தான். இந்த வழியில் போகிறவர்கள் தொடர்புகள் செயலியைத் திறந்து, பெயர்கள் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கின்றனவா, 'போன்' அல்லது 'சிம்' என்ற இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கணக்கில் இல்லாதவை தானாக வராது. விசிஎஃப் கோப்பாக (தொடர்புகளைச் சேமிக்கும் கோப்பு வகை) ஏற்றுமதி செய்து எடுத்துப்போக வேண்டும். படங்களைக் கணினி வழியாக மாற்றினால் வாட்ஸ்அப் படங்களின் தேதிகள் குழம்பலாம், ஏனென்றால் அவற்றுக்குள் எடுத்த தேதி பதிந்திருக்காது. கோப்பின் பெயரில் எட்டு இலக்கமாக ஆண்டும் மாதமும் நாளும் இருப்பதால் பெயர்வாரியாக அடுக்கினால் ஒழுங்கு திரும்பிவிடும்.

பழைய போனை ஒரு மாதம் அழிக்காமல் வைத்திருங்கள். மின்கட்டணம், காப்பீடு போன்று மாதம் ஒருமுறை மட்டும் திறக்கும் செயலிகளில் என்ன விடுபட்டது என்பது அதற்குள் தெரிந்துவிடும். அழிக்கும் நாளில் ஆண்ட்ராய்டு என்றால் முதலில் செட்டிங்ஸில் கூகுள் கணக்கை நீக்கிவிட்டு, அதன் பிறகு ஃபேக்டரி ரீசெட். கணக்கை நீக்காமல் பொத்தான்களை அழுத்தி ரெகவரி வழியாக அழித்தால், ஆண்ட்ராய்டு 5.1 முதல் உள்ள பூட்டு வேலை செய்து, வாங்குகிறவரிடம் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்கும். ஐபோனில் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி 'ஃபைண்ட் மை' அணைந்ததை உறுதிசெய்துவிட்டு அழியுங்கள். இசிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் சிம்) இருந்தால் அது புதுப் போனில் வேலை செய்வதைப் பார்த்த பிறகுதான் பழையதில் நீக்க வேண்டும். இசிம்மை நிறுவ முதலில் வந்த க்யூஆர் பெரும்பாலும் இரண்டாம் முறை செல்லாது. மெமரி கார்டைக் கழற்ற மறக்காதீர்கள். இப்போதைய போன்களில் சேமிப்பகம் முழுக்க மறையாக்கப்பட்டிருப்பதால் ஒருமுறை அழித்தாலே போதும், மேலே மேலே எழுதி அழிக்கும் செயலிகள் தேவையில்லை. கடைசியாக, புதுப் போனில் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கின் சாதனப் பட்டியலைத் திறந்து, பழைய போனின் பெயரை அங்கிருந்தும் எடுத்துவிடுங்கள்.