மேஃபெயரா, செம்மஞ்சளா? விதியைப் பேசிவிட்டுக் காணியைப் பேசுவோம்

போயா லீவில் வெள்ளவத்தை அடுக்குமாடி ஒன்றில், காணி வாங்கி வாடகை எடுக்கும் மொனோபொலிப் பலகையை விரித்தால் இரண்டு வாக்குவாதம் நிச்சயம். பார்க்கிங் கட்டத்தில் சேரும் காசு யாருக்கு என்பது ஒன்று. விலை கூடிய தெருவான மேஃபெயரை வைத்திருப்பவர் வெல்வாரா, செம்மஞ்சள் நிறத் தெருக்களை வைத்திருப்பவர் வெல்வாரா என்பது மற்றது. இரண்டும் ஒரே கேள்விதான். விதி மாறினால் வெல்லும் காணியும் மாறும். லண்டன் தெருக்கள் உள்ள பலகையையே இங்கே கணக்கில் எடுக்கிறோம்.

முதலில் காசுக் கணக்கு. ஆளுக்கு 1500 பவுண், நான்கு பேருக்கு 6000. பலகையில் உள்ள 28 காணிகளின் மொத்த விலை 5690. எல்லாக் காணியும் விற்று முடிந்தால் ஆரம்பக் காசில் மிஞ்சுவது வெறும் 310. வீடு கட்டும் பணம், ஆரம்பக் கட்டமான 'கோ'வைத் தாண்டும்போது வரும் 200 இலும் வாடகையிலும் இருந்துதான் வரவேண்டும். பெட்டியிலுள்ள விதி இந்தப் பற்றாக்குறையை நம்பியே நிற்கிறது.

வீடுகளில் நாமாகச் சேர்த்துக்கொள்ளும் விதி அதைக் கெடுக்கிறது. வருமான வரி 200, சூப்பர் வரி 100, அட்டைகளில் வரும் அபராதம் எல்லாம் வங்கிக்குப் போய் ஆட்டத்தை விட்டே மறைய வேண்டியவை. அவற்றைப் பலகை நடுவில் குவித்து, பார்க்கிங்கில் விழுந்தவருக்குக் கொடுத்தால் எந்தத் திறமையும் இல்லாமல் ஒருவருக்கு 700, 800 கிடைக்கும். பச்சைத் தெருக்களில் 3, 4 வீடு கட்ட அது போதும். 'கோ'வில் சரியாக நின்றால் 400 என்பதும் இதே வகை. இந்த இரண்டு விதியும் உள்ள வீட்டில் விலை உயர்ந்த காணிகளைப் பிடிப்பது பிழையில்லை. காசு எப்படியும் வந்து சேரும். ஆனால் யாரும் வங்குரோத்து ஆகமாட்டார்கள். இரவுச் சாப்பாடு ஆறியும் ஆட்டம் முடியாது.

இன்னொரு வேறுபாடு ஏலம். விழுந்தவர் வாங்க மறுத்தால் அந்தக் காணி உடனே ஏலத்துக்குப் போகவேண்டும். மறுத்தவரும் கேட்கலாம், பலகை விலையை விடக் குறைவாகவும் தொடங்கலாம். பல வீடுகளில் இதை விட்டுவிடுகிறார்கள். அப்போது பாதிக் காணி வங்கியிலேயே கிடக்கும், ஒரே நிறத் தெரு எல்லாம் ஒருவர் கையில் சேர்வது தாமதமாகும், பேரம் பேச எதுவும் இருக்காது. ஏலம் இருந்தால் கையில் ரொக்கம் வைத்திருப்பதற்கும் ஒரு பலன் உண்டு: எதிராளிகள் வெறுங்கையாக இருக்கும்போது 300 பவுண் ரீஜன்ட் ஸ்ட்ரீட்டைப் பாதி விலைக்கும் பிடிக்கலாம். ஒரே ஒரு விதியைத்தான் திருத்தலாம் என்றால் இதைத் திருத்துங்கள்.

இனிக் காணி. பெட்டியிலுள்ள விதிப்படி, நான்கு பேர் ஆடுவதாக வைத்துக்கொள்வோம்.

கடும்நீலம்: பார்க் லேன் 350, மேஃபெயர் 400. ஒவ்வொன்றிலும் மூன்று வீடு கட்ட 1200. மொத்தம் 1950. வாடகை 1100, 1400.

செம்மஞ்சள்: போ ஸ்ட்ரீட் 180, மார்ல்பரோ ஸ்ட்ரீட் 180, வைன் ஸ்ட்ரீட் 200. மூன்று மூன்று வீடாக 900. மொத்தம் 1460. வாடகை 550, 550, 600.

ஒருமுறை விழுந்தால் மேஃபெயர்தான் அதிகம் கறக்கும், அதை மறுக்கவே முடியாது. ஆனால் விழவேண்டுமே! நீலத்தில் கட்டம் இரண்டுதான். 'மறியலுக்குப் போ' கட்டத்தில் அகப்பட்டவர் நீலத்தை எட்டாமலே திரும்பிவிடுகிறார். அவர் போய்ச் சேரும் மறியல்தான் பலகையில் ஆட்கள் அதிகம் நிற்கும் இடம். அங்கிருந்து செம்மஞ்சள் 6, 8, 9 கட்டம் தள்ளி இருக்கிறது. இரண்டு தாயக்கட்டைகள் விழக்கூடிய 36 வகையில் 14 வகை இந்த மூன்று எண்களைத் தரும். சிவப்புப் பக்கத்துச் 'சான்ஸ்' கட்டத்தில் 'மூன்று கட்டம் பின்னால் போ' என்ற அட்டை வந்தால் நேரே வைன் ஸ்ட்ரீட்தான். 490 பவுண் குறைவாகப் போட்டு, முன்கூட்டியே கட்டி முடித்து, அடிக்கடி வாடகை எடுக்கலாம். அதனால் எங்கள் தெரிவு செம்மஞ்சள்.

அதற்கு உண்மையான போட்டி நீலமில்லை, இளநீலம். காணி 320, மூன்று தெருவிலும் ஹோட்டல் (நான்கு வீட்டுக்கு அடுத்த படி) வரை கட்ட 750, ஆக 1070. வாடகை 550, 550, 600: மூன்று வீடு கட்டிய செம்மஞ்சளின் அதே தொகை! ஆரம்பத்தில் ஆளை அடித்து வீழ்த்த இதைப்போல மலிவான ஆயுதம் கிடையாது. குறை என்னவென்றால் அதற்கு மேலே போக இடமில்லை. செம்மஞ்சள் 1000 வரை ஏறும். பச்சையை மூன்று வீட்டுக்குக் கொண்டுவர 2720 வேண்டும். அதைப் பேரத்தில் மற்றவருக்குத் தள்ளிவிடுங்கள், அதுவும் அவர் கையில் காசில்லாத நேரம் பார்த்து. ஸ்டேஷன் நான்கும் சேர்ந்தால் வாடகை தலா 200, நல்ல கைச்செலவுக் காசு. மின்சாரமும் தண்ணீரும் சேர்ந்தாலும் சராசரி 70தான்.

பெரும்பாலான நிறங்களில் மூன்றாவது வீட்டில் நிறுத்திக் கணக்குப் பாருங்கள். போ ஸ்ட்ரீட்டில் இரண்டு வீட்டுக்கு 200, மூன்றுக்கு 550, நான்குக்கு 750. பெரிய பாய்ச்சல் மூன்றாவதில்.

நான்கு வீடா, ஹோட்டலா என்பதில் பலர் பிழைவிடுகிறார்கள். வங்கியில் 32 வீடுகளும் 12 ஹோட்டல்களும் மட்டுமே உண்டு. ஹோட்டல் வைத்தால் நான்கு வீடு வங்கிக்குத் திரும்பி எதிராளிக்குக் கிடைக்கும். இளநீலமும் செம்மஞ்சளும் உங்களிடம் இருந்து, ஆறு தெருவிலும் நான்கு வீடு வைத்தால் 24 போய்விடும். மிச்சம் 8. பச்சைக்காரர் எவ்வளவு காசு வைத்திருந்தாலும் மூன்று தெருவிலும் மூன்று வீடு கட்ட 9 வேண்டும், முடியாது. நான்கு வீடு கட்டாமல் ஹோட்டலுக்கும் தாவ முடியாது. வீடு தீர்ந்ததும் புளியங்கொட்டையோ பட்டனோ வைத்து ஆடும் பழக்கம் இந்த உத்தியை அப்படியே கொன்றுவிடும். புறக்கோட்டையில் நகல் பெட்டி வாங்கினால் தொடங்க முன் வீடுகளை எண்ணிப் பாருங்கள்.

மறியலில் இருப்பவருக்கு வாடகை இல்லை என்பதும் பெட்டியில் இல்லாத விதி. உண்மையில் உள்ளே இருந்தபடியே வாடகை வாங்கலாம். ஆகவே காணி மிச்சமிருக்கும்வரை 50 கட்டி உடனே வெளியே வாருங்கள். எதிராளியின் ஹோட்டல்கள் முளைத்த பிறகு மூன்று முறையும் டைஸை உருட்டிக்கொண்டு உள்ளேயே இருங்கள்.