மூன்றாம் வகுப்புக்கு வாங்கிய அறிவியல் பெட்டி: எட்டு மாதத்துக்குப் பிறகு

தண்டையார்பேட்டையில் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். வகுப்பில் 31 பிள்ளைகள். பாதிக்கு மேல் காசிமேட்டுப் பக்கம். அப்பா கடலுக்குப் போவார், அம்மா மீன் விற்பார். மூன்றாம் வகுப்பில்தான் அறிவியல் தனிப் பாடமாக வருகிறது, அதுவரை சூழ்நிலையியல். அந்த முதல் வருடத்திலேயே காந்தத்தைப் படத்தில் காட்டி முடித்துவிட்டால், அறிவியல் என்றால் மனப்பாடம் என்று பிள்ளை நினைத்துவிடும். அறிவியலைச் செய்து பார்க்க வைக்க அரசுப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய வானவில் மன்றம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கானது. சின்னப் பிள்ளைகளுக்கு நாம்தான் ஏதாவது செய்ய வேண்டும். அதனால் போன ஜூலையில் கைக்காசு 1,450 ரூபாய் போட்டு ஆன்லைனில் ஒரு அறிவியல் பெட்டி வாங்கினேன். பெயர் போடவில்லை. இதே சாமான்கள் அட்டைப்பெட்டியின் நிறம் மட்டும் மாறி நாலைந்து பெயர்களில் விற்கின்றன.

இரண்டு சட்டக் காந்தம், ஒரு லாடக் காந்தம், குப்பியில் இரும்புத்தூள், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு ஸ்பிரிங் தராசு, வெளிச்சத்தை வண்ணங்களாகப் பிரிக்கும் முப்பட்டகம், அமிலமா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் லிட்மஸ் தாள், பல்பு, செல் மாட்டும் தொட்டி, ஒயர், அப்புறம் 24 செய்முறை அட்டைகள். சட்டக் காந்தம் தவிர மற்ற கருவிகள் எல்லாம் ஒவ்வொன்றுதான். 31 பிள்ளைகளுக்கு ஒரு பூதக்கண்ணாடி என்றால் 30 பேர் வரிசையில் நிற்பார்கள். வீட்டில் ஒரு குழந்தைக்காகச் செய்த பெட்டியைத்தான் 'வகுப்பறைக்கு ஏற்றது' என்று போட்டு விற்கிறார்கள். வாங்குவதற்கு முன் இதைக் கவனியுங்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிங் தராசு அருமை. அரை கிலோ வரை காட்டும், முள் சிக்குவதில்லை, எண்கள் பெரியவை. ஒரு ஜல்லிக் கல்லை நூலில் கட்டித் தொங்கவிட்டோம், 300 கிராம். அதே கல்லை வாளித் தண்ணீரில் முழுக இறக்கினால் எவ்வளவு காட்டும் என்று கேட்டு, ஆளுக்கொரு விடையை நோட்டில் எழுதச் சொன்னேன். 'தண்ணியும் சேர்ந்து கனக்கும்' என்று 500 எழுதியவர்கள் நிறைய. பெரும்பாலான மற்றவர்கள் அதே 300. இறக்கியபோது முள் 190 பக்கம் வந்து நின்றது. வகுப்பே சத்தம் போட்டது. தராசு கெட்டுவிட்டது என்றார்கள். மேலே தூக்கினேன், 300. மறுபடி இறக்கினேன், 190.

அப்போதுதான் எப்போதும் கடைசி பெஞ்சில் சுருண்டு உட்கார்ந்திருக்கும் பையன் எழுந்தான். "மிஸ், வலை தண்ணிக்குள்ள இருக்கறப்ப லேசாதான் வரும். மேல வந்தப்புறம்தான் கனம், அப்பா ஆளுங்கள கூப்பிடுவாரு" என்றான். தண்ணீர் கல்லை மேல்நோக்கித் தள்ளுகிறது என்று நான் சொல்ல நினைத்ததை அவன் வலையை வைத்தே சொல்லிவிட்டான். தமிழ் வாசிக்கத் திணறுகிற பையன் அவன். அன்றைக்கு மற்ற பிள்ளைகள் அவனிடம்தான் சந்தேகம் கேட்டார்கள். பெட்டியில் இந்தத் தராசு மட்டும் இருந்திருந்தாலும் நான் வருத்தப்பட்டிருக்க மாட்டேன்.

பூதக்கண்ணாடி பிளாஸ்டிக்தான், ஆனாலும் தெளிவு. கொடுவா மீனின் செதில் பெரியது. கழுவிக் காயவைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் வளையம் வளையமாகத் தெரியும். மீன் வளர வளரச் செதிலும் ஓரத்தில் வளர்வதால் வரும் வளையங்கள் அவை. தினமும் செதில் சீவுகிற வீட்டுப் பிள்ளைகள்கூட அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

காந்தங்கள்தான் ஏமாற்றம். சட்டக் காந்தம் நாலு குண்டூசிக்கு மேல் தூக்காது. இரண்டு முறை கீழே விழுந்ததும் இன்னும் பலவீனமானது. தட்டினாலும் சூடாக்கினாலும் காந்தம் சக்தி இழக்கும், பிள்ளைகள் கையில் கீழே விழாமல் இருக்குமா? கடைசியில் வண்ணாரப்பேட்டைக் காயலாங்கடையில் பழைய ஸ்பீக்கர்களில் இருந்து கழற்றிய வளையக் காந்தம் எட்டு வாங்கினேன், ஒன்று 30 ரூபாய். விரலை நசுக்கும் அளவுக்கு இழுக்கும், அதனால் துணி சுற்றி, டேப் ஒட்டிக் கொடுத்தேன். இரும்புத்தூள் குப்பியைப் பெட்டியிலிருந்து முதல் வேலையாக எடுத்து வைத்துவிடுங்கள். தூள் கண்ணில் பட்டால் ஆபத்து. காந்தத்தில் ஒட்டினால் சுரண்டியும் வராது.

தூளுக்குப் பதில் கடற்கரை மணல் கொண்டுவரச் சொன்னேன். காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மணலில் புரட்டினால், மணலில் கலந்திருக்கும் மாக்னடைட் என்ற இரும்புத் தாது கறுப்புத் துகளாக ஒட்டி வரும். பையை விட்டு காந்தத்தை எடுத்தால் துகள்கள் உதிர்ந்துவிடும், சுரண்ட வேண்டியதில்லை. "மிஸ், காந்தத்துக்கு மீசை முளைச்சிடுச்சு!" என்று ஒரு பெண் கத்தினாள். தினமும் ஓடி விளையாடுகிற மணலில் இரும்பு இருக்கிறது என்பதை அவர்களால் நம்பவே முடியவில்லை. அடுத்த நாள் மூன்று பேர் வீட்டு வாசல் மண்ணையும் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தார்கள்.

பல்பு விஷயத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும். செல் தொட்டியில் ஒயர் ஏற்கனவே மாட்டித்தான் வருகிறது. சுவிட்சைத் தட்டினால் எரியும், பிள்ளை செய்ய ஒன்றுமில்லை. கிளிப்புகள் எங்கள் ஊர் உப்புக்காற்றில் இரண்டே மாதத்தில் துருப்பிடித்தன. தொட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு செல், ஒரு டார்ச் பல்பு, ஒரே ஒரு துண்டு ஒயர் என்று குழுவுக்குக் கொடுத்தேன். எரிய வைத்துப் பாருங்கள் என்பதோடு சரி, வேறு எதுவும் சொல்லவில்லை. எல்லாரும் பல்பின் அடி முனையைச் செல்லின் ஒரு முனையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்கள். 20 நிமிடம் ஆனது. ஒரு குழு பல்பின் பக்கவாட்டு உலோகத்தில் ஒயரைத் தொட்டபோது மங்கலாக எரிந்தது. அந்த மங்கல் வெளிச்சத்துக்கு வந்த கூச்சல் கேட்டு பக்கத்து வகுப்பு மிஸ் ஓடிவந்தார். வீட்டுச் சுவர் பிளக்கில் இதைச் செய்யவே கூடாது என்பதை அன்றைக்கே மூன்று முறை சொல்லவும் வேண்டும்.

லிட்மஸ் தாளுக்கு நான் காசு கொடுக்க மாட்டேன். நீலத் தாள் திறந்து வைத்ததிலேயே சிவந்துவிட்டது. மஞ்சள்தூளைக் கரைத்து வெள்ளைத்தாளில் பூசிக் காயவைத்தால் போதும். சுண்ணாம்புத் தண்ணீர் பட்டால் சிவக்கும், எலுமிச்சைச் சாறு பட்டால் மறுபடி மஞ்சளாகும். "ஆரத்தி மாதிரி!" என்று அவர்களே சொன்னார்கள். முப்பட்டகத்தை ஒரு நாள் வெயிலில் காட்டினோம், அவ்வளவுதான்.

இனி அந்த 24 அட்டைகள். என் உண்மையான வருத்தம் இங்கேதான். ஒவ்வொரு அட்டையிலும் முன்பக்கம் செய்முறை, பின்பக்கம் 'நாம் அறிவது' என்று கொட்டை எழுத்தில் விடை. காந்த அட்டையின் பின்னால் 'காந்தம் இரும்பை ஈர்க்கும், பித்தளையை ஈர்க்காது' என்று இருக்கிறது. வாசிக்கத் தெரிந்த பிள்ளை முதலில் திருப்பிப் பார்க்கும். அப்புறம் சோதனை எதற்கு? மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் 1972இல் 16 பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் திட்டத்தைப் பற்றி ஒரு பயிற்சியில் கேட்டிருக்கிறேன். நடுநிலை வகுப்புகளுக்கான அவர்களுடைய புத்தகத்தில் சோதனையும் கேள்வியும் இருக்கும், விடை இருக்காது. 50 வருடம் முன்பே தெரிந்த விஷயம் இது. இன்றைக்குப் பெட்டி செய்கிறவர்களுக்கு ஏன் எட்டவில்லை?

அட்டையை ஒளித்து வைத்துவிட்டு வெறும் சில்லறையைக் கொடுத்தபோது என்ன நடந்தது என்று சொல்கிறேன். எல்லா நாணயமும் ஒட்டும் என்று 27 பேர் எழுதியிருந்தார்கள், உலோகம் எல்லாம் இரும்பு என்றுதான் அவர்களுக்கு நினைப்பு. வெள்ளை 1 ரூபாய் ஒட்டியது, மஞ்சள் 5 ரூபாய் ஒட்டவில்லை. "மிஸ், விலை ஜாஸ்தின்னா ஒட்டாதா?" என்று ஒருத்தி கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. வெண்கல மணி, எவர்சில்வர் டம்ளர், அலுமினியச் சட்டி என்று ஒரு வாரம் வீட்டையே சோதித்து வந்தார்கள். சில டம்ளர் ஒட்டியது, சில ஒட்டவில்லை என்று சண்டை வேறு. எவர்சில்வரிலேயே இரண்டு வகை இருக்கிறது என்று பிறகுதான் பேசினோம்.

இதே 1,450 ரூபாய் மறுபடி கையில் வந்தால் பெட்டி வாங்க மாட்டேன். பாரிமுனைப் பக்கம் கடைகளில் 50 ரூபாய்க்குக் கிடைக்கும் பூதக்கண்ணாடி பத்து, நல்ல ஸ்பிரிங் தராசு இரண்டு, டார்ச் பல்பு ஒரு டஜன், ஒயர், செல், காயலாங்கடைக் காந்தங்கள். மிச்சமும் இருக்கும். வீட்டில் ஒரே குழந்தைக்கு என்றால் பெட்டி மோசமில்லை, அட்டைகளை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

என் அட்டைகளின் பின்பக்கத்தில் வெள்ளைத்தாள் ஒட்டிவிட்டேன். சோதனை முடிந்ததும் என்ன கண்டோம் என்று பிள்ளைகளே அதில் எழுதுகிறார்கள். கல் அட்டையின் பின்னால் வலை படம் வரைந்திருக்கிறது. இதுவரை 9 அட்டை நிரம்பியிருக்கிறது.