ராயக்கோட்டை சாலை நர்சரியில் வாங்கிய குட்டி போடும் செடி

கிருஷ்ணகிரியிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையோரம் ஒரு நர்சரியில் இதை வாங்கினேன். கறுப்புக் கவரோடு 60 ரூபாய், ஒரு சாண் உயரம். கொடுத்த காசுக்குத் தாராளம். நீண்ட இலை, ஓரம் பூராவும் ரம்பப் பல், பல்லுக்குப் பல் இடையில் ஒரு குட்டிச் செடி. குனிந்து பார்த்தால் ஒவ்வொரு குட்டிக்கும் இரண்டு இலை, அடியில் நூல் மாதிரி வெள்ளை வேர். தாய் இலையில் ஒட்டியிருக்கும்போதே வேர் விட்டுவிடுகிறது! விரல் பட்டாலே உதிரும், விழுந்த இடத்தில் பிடித்துக்கொள்ளும். என் பேத்தி மணிக்கணக்கில் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

வெயிலுக்கும் அசைவதில்லை. பகலில் இலைத் துளைகளை மூடிக்கொண்டு, கரியமில வாயுவை இரவில் இழுத்து வைத்துக்கொள்ளும் இனம் இது. அதனால் தண்ணீர் அதிகம் கேட்காது. நர்சரிக்காரர் வைத்திருந்தது வெறும் செம்மண். பாதிக்குப் பாதி மணல் கலந்து மாற்றி வையுங்கள், இல்லையென்றால் மழைக்காலத்தில் வேர் அழுகும்.

ஒரே ஒரு குறைதான், ஆனால் பெரிய குறை. கடையில் இதை ரணகள்ளி என்று சொல்லி விற்கிறார்கள், ஆனால் இது வேறு செடி. இரண்டுமே மடகாஸ்கரிலிருந்து வந்த, கலஞ்சோ என்ற ஒரே இனம்தான். ஆனால் ரணகள்ளி இலை அகலமாக, முட்டை வடிவில் இருக்கும். பெரும்பாலும் இலையைப் பறித்து மண்ணில் போட்ட பிறகுதான் அதில் குட்டி வரும். சிறுநீரகக் கல்லுக்கு ரணகள்ளி மெல்லும் பழக்கம் நம் பக்கம் உண்டு. அந்த நினைப்பில் யாராவது இதைப் பறித்து வாயில் போட்டால் என்ன ஆவது? இதில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது, பூவில் இன்னும் அதிகம். ஆஸ்திரேலியாவில் இந்த வகைச் செடிகளை மேய்ந்து மாடுகள் செத்திருக்கின்றன. அங்கே குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் இதன் நெருங்கிய உறவுச் செடிகள் சிலவற்றைக் களையாகவே அறிவித்திருக்கிறார்கள்.

நம் ஊரில் ஆடு இல்லாத தெரு ஏது? அடுத்த முறை போனபோது நர்சரி அண்ணனிடம் இதைச் சொன்னேன். “சரிங்கம்மா, இனிமே சொல்லித்தான் குடுப்பேன்” என்றார். பொறுமையாகக் கேட்கிற மனிதர், அதனால்தான் மறுபடியும் அங்கே போகிறேன்.

மாடி இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். தொட்டிக்கு அடியில் அகலமான தட்டு வையுங்கள், உதிரும் குட்டிகளைக் கூட்டி எடுத்துவிடுங்கள். அதைத் தோட்டத்திலோ ஏரிக்கரையிலோ கொட்ட வேண்டாம். வீட்டில் ஆடு மாடு இருந்தால் இந்தச் செடியே வேண்டாம், அதே கடையில் கற்றாழை நன்றாக இருக்கிறது.