ஆன்லைன் டெண்டர்: பல வருடம் போட்டுப் பார்த்த பிறகு

தமிழ்நாடு அரசின் டெண்டர் தளத்தில் சின்னச் சின்ன கட்டட வேலைகளுக்குப் பல வருடமாக டெண்டர் போட்டு வருகிறேன். புதிதாக இறங்குகிறவர்கள் "நம்மால் முடியுமா?" என்று கேட்கிறார்கள். முடியும். ஆனால் இந்தத் தளம் சரிசெய்தது பாதியைத்தான்.

டெண்டர் பெட்டி இருந்த காலத்தில் படிவம் வாங்கப் போனாலே ஆபீஸ் வாசலில் நாலு பேர் நிற்பார்கள், யார் போடுவது யார் விலகுவது என்று அங்கேயே பேசி முடித்துவிடுவார்கள். இப்போது வீட்டிலிருந்தே டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் செருகி, தகுதி ஆவணங்களுக்கு ஒன்று, விலைக்கு ஒன்று என்று இரண்டு கவரையும் ஏற்றி, இனி மாற்றமில்லை என்று உறுதிசெய்யும் ஃப்ரீஸ் கொடுத்தால் முடிந்தது. விலை நிரப்பும் எக்செல் கோப்பின் பெயரை மட்டும் மாற்றாதீர்கள், தளம் ஏற்காது.

சரி, யார் போட்டி என்று முன்கூட்டியே வெளியே தெரியக்கூடாது, அதற்குத்தானே இவ்வளவும்? ஆனால் சில டெண்டர்களில் சைட்டைப் பார்த்ததாகப் பொறியாளரிடம் சான்று வாங்கி இணைக்கச் சொல்கிறார்கள். சிலவற்றில் இ.எம்.டி.க்கான, அதாவது டெண்டரோடு கட்டும் முன்வைப்புத் தொகைக்கான, டி.டி.யின் அசலை நேரில் கொண்டுவரச் சொல்கிறார்கள். இரண்டுக்கும் ஆபீஸ் படி ஏறவேண்டும், ஏறினால் சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒரு வேலைக்குச் சான்று கேட்டுப் போனபோது சார் லீவு என்றார்கள், கடைசித் தேதி முடிந்த மறுநாள் வந்துவிட்டார்!

அப்புறம் பேக்கேஜ். பல சின்ன வேலைகளை ஒன்றாகக் கட்டி, அதற்கேற்ற டர்ன்ஓவர் (வருட வரவுசெலவு) கேட்டால் எங்களைப் போன்றவர்கள் தானாகவே வெளியே.

இத்தனைக்கும் நம் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998லேயே வந்தது, கர்நாடகம்கூட அதற்கு அடுத்த வருடம்தான் கொண்டுவந்தது. 2000ஆம் ஆண்டு விதிகளும் மோசமில்லை. 2 கோடி ரூபாய் வரையான டெண்டருக்கு 15 நாள், அதற்கு மேல் 30 நாள் டெண்டர் போட அவகாசம் தரவேண்டும், குறைப்பதென்றால் மேலதிகாரி காரணத்தை எழுதிவைக்க வேண்டும். எனக்குக் குறையாகப் படுவது சட்டத்தின் 11ஆவது பிரிவு. டெண்டரை யாருக்குக் கொடுப்பது என்று உத்தரவு போட்ட பிறகுதான், 10 நாளுக்குள், மேல்முறையீடு செய்ய முடியும், அதுவும் அரசிடமே. நிபந்தனையே ஒருவருக்காக வெட்டித் தைத்த சட்டை மாதிரி இருந்தால்? டெண்டருக்கு முந்தைய கூட்டம் வைத்தால் அங்கே கேட்கலாம், இல்லையென்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான். சின்ன வேலைக்கு யார் ரிட் போடுவார்கள்? வக்கீல் ஃபீஸுக்கே லாபம் போய்விடும்.

சட்டத்தைத் திருத்துவதென்றால் முதலில் இதைத் திருத்துங்கள். கவர் திறப்பதற்கு முன்பே நிபந்தனையை எதிர்த்து முறையிட வழி வேண்டும், கேட்பவர் அந்தத் துறைக்கு வெளியே இருக்கவேண்டும், பதிலைத் தளத்திலேயே போடவேண்டும். சைட் சான்றை ஒரேயடியாக எடுத்துவிடலாம், நிலத்தைப் பார்க்காமல் ரேட் போட்டு நஷ்டப்பட்டால் அது காண்டிராக்டர் பாடு.

இப்போதைக்கு நான் இ.எம்.டி.யை ஆன்லைனில் கட்டவிடும் டெண்டராகப் பார்த்துத்தான் போடுகிறேன், சைட் சான்று கேட்பதைத் தொடுவதே இல்லை.