சிசிஎல்19-ஆ, சிசிஎல்21-ஆ: நிணநீர்க்கணுவுக்கு வழிகாட்டுவது எது?

சிசிஎல்19, சிசிஎல்21 இரண்டும் கீமோகைன்கள், அதாவது நோயெதிர்ப்புச் செல்களை ஓரிடத்துக்கு இழுக்கும் சிறு புரதங்கள். இரண்டும் செல்லின் மேற்பரப்பில் உள்ள சிசிஆர்7 என்ற ஒரே ஏற்பியில்தான் போய் ஒட்டுகின்றன. அதனால் ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

முதலில் உடலமைப்பு. சிசிஎல்21-க்கு நேர்மின்னேற்றம் நிறைந்த நீண்ட வால் உண்டு. அந்த வால் திசுவில் உள்ள ஹெப்பாரன் சல்பேட் போன்ற சர்க்கரைச் சங்கிலிகளில் ஒட்டிக்கொள்வதால், சுரந்த இடத்துக்குப் பக்கத்திலேயே தடம் போட்டதுபோல் படிந்து நிற்கும். கிருமியின் துணுக்குகளை டி செல்கள் என்ற வெள்ளையணுக்களுக்குக் காட்டும் டென்ட்ரிட்டிக் செல்கள் தோலிலிருந்து நிணநீர்க் குழாயை நோக்கி நகர்வது இந்தத் தடத்தைப் பிடித்துத்தான், ஆஸ்திரியாவில் மைக்கேல் சிக்ஸ்ட் குழு 2013-ல் எலியின் காதுத் தோலில் இதைக் காட்டியது. சிசிஎல்19-க்கு அந்த வால் கிடையாது, அதனால் எளிதாகப் பரவிப்போகும்.

யார் சுரக்கிறார்கள் என்பதிலும் வித்தியாசம் இருக்கிறது. நிணநீர்க்கணுவின் டி செல் பகுதியில் வலையாகப் பின்னிக் கிடக்கும் ரெட்டிகுலர் செல்கள் இரண்டையும் தருகின்றன. நிணநீர்க் குழாய்ச் சுவர் தருவது முக்கியமாக சிசிஎல்21, முதிர்ந்த டென்ட்ரிட்டிக் செல்கள் தருவது சிசிஎல்19. அப்புறம், சிசிஎல்19 ஒட்டினால் ஏற்பி வேகமாகச் செல்லுக்குள் இழுக்கப்பட்டு உணர்ச்சி குறைந்துபோகும். சிசிஎல்21 அந்த அளவுக்கு அதைச் செய்வதில்லை.

வழிகாட்டுவதில் என் ஓட்டு சிசிஎல்21-க்குத்தான். நிணநீர் உறுப்புகளில் இரண்டுமே சுரக்காத, பிஎல்டி என்ற மரபுத் திரிபுள்ள எலிகளில் டி செல்கள் நிணநீர்க்கணுக்களுக்குச் சரியாக வந்து சேர்வதில்லை. ஆனால் சிசிஎல்19 மட்டும் இல்லாத எலிகளில் டென்ட்ரிட்டிக் செல்களின் பயணம் பெரும்பாலும் இயல்பாகவே நடக்கிறது. அதற்காக சிசிஎல்19-ஐ ஒதுக்கிவிட முடியாது. இன்னும் எதிரியைச் சந்திக்காத டி செல்கள் உயிரோடு இருக்க ஐஎல்-7 என்ற சைகைப் புரதத்துடன் சேர்ந்து அது உதவுகிறது என்று 2007-லேயே தெரிந்துவிட்டது. ஜப்பானியக் குழு ஒன்று ஐஎல்-7, சிசிஎல்19 இரண்டையும் சுரக்கும் கார்-டி செல்களை (புற்றுநோயைத் தாக்கும்படி மரபணு மாற்றிய டி செல்கள்) உருவாக்கி, எலிகளின் திடக் கட்டிகளுக்குள் நோயெதிர்ப்புச் செல்களை அதிகமாக வரவழைத்ததாக 2018-ல் வெளியிட்டது.

திசுவில் எது எங்கே இருக்கிறது என்று பார்க்கப் போகிறவர்கள் எம்ஆர்என்ஏ (புரதம் தயாரிக்க மரபணுவிலிருந்து எடுக்கப்படும் நகல்) அளவை மட்டும் நம்ப வேண்டாம். டி செல்கள் ரத்தத்திலிருந்து கணுவுக்குள் நுழையும் அந்தச் சிறப்புச் சிரைகளின் சுவர், எலியில் சிசிஎல்21-ஐத் தானே தயாரிக்கிறது. மனிதர்களில் அந்தச் சுவர்ச் செல்களில் அதன் எம்ஆர்என்ஏ தென்படவில்லை. சிசிஎல்19 விஷயத்திலோ, வேறு செல்கள் சுரந்ததை இந்தச் சுவர் உள்வாங்கி ரத்தப் பக்கம் கொண்டுவந்து வைக்கிறது, அதனால் புரதத்தையும் சாயமேற்றிப் பார்த்தால்தான் அது கண்ணில் படும்.