500 ரூபா கூப்பனுக்கு மூண்டு மாசம் அலைஞ்சதில மிஞ்சினது

நான் தருமபுரத்துப் பக்கம் இருக்கிறன். கிளிநொச்சி ரவுணில இருக்கிற ஒரு சூப்பர்மார்க்கட் குடுக்கிற கூப்பனை தை, மாசி, பங்குனி மூண்டு மாசமும் விடாமப் பாவிச்சு, பில் எல்லாத்தையும் ஒரு பிஸ்கட் ரின்னுக்குள்ள போட்டு வச்சு, கொப்பியில கணக்கு எழுதிப் பாத்திட்டுத்தான் இதை எழுதிறன். கடையின்ர பேரைச் சொல்லேல்ல, ஏனெண்டா இப்ப எல்லாக் கடையும் கிட்டத்தட்ட இதே முறைதான் செய்யினம்.

கூப்பன் இப்பிடித்தான். 5,000 ரூபாக்கு மேல சாமான் வாங்கினா பில்லோட ஒரு துண்டு வரும், 14 நாளுக்குள்ள திரும்ப வந்து 5,000க்கு மேல வாங்கினா 500 ரூபா கழிப்பினம். கூப்பன் பாவிச்ச பில்லுக்குப் புதுக் கூப்பன் வராது. முதல்ல நான் 5,000க்கு 500, அப்ப நூற்றுக்கு 10 எண்டு சந்தோசப்பட்டன், என்ர மனுசன்தான் வயலால வந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்க, அந்த 500ஐ எடுக்க நீ ரெண்டு தரம் எல்லோ 5,000க்கு வாங்கிறாய், 10,000க்கு 500 எண்டா நூற்றுக்கு 5தானே எண்டார். சரிதான். இதைவிட போன் நம்பர் குடுத்தா 200 ரூபாக்கு ஒரு பொயின்ட், ஒரு பொயின்ட் ஒரு ரூபா. அது நூற்றுக்கு அரை ரூபா, அதுக்காக ஒருத்தரும் கடை மாறத் தேவையில்ல.

2022ல சாமான் விலை ஏறினதை மறக்கேலாது, அதுக்குப் பிறகு 2024 தையில வற் வரியும் 15ல இருந்து 18 ஆச்சு. சவுக்காரம், பற்பசை எண்டு எதை எடுத்தாலும் கையைக் கடிக்குது. அதால கழிவு எண்டு எழுதின துண்டைக் கண்டா எங்கட சனம் விடாது, நானும் விடேல்ல.

அம்மா இன்னும் ஒருபடி மேல. அம்மாவின்ர சின்ன வயசில கூப்பன் எண்டா சங்கக்கடையில அரிசி எடுக்கிற கூப்பன், 1979ல உணவு முத்திரை வரும் மட்டும் அதுதான் வீட்டுக்குச் சோறு. பேந்து 2009ல முகாமில நிவாரணம் எடுத்த அட்டையையும் அவ கண்ணுக்குள்ள வச்சுத்தான் பாத்தவ. அதால சூப்பர்மார்க்கட் துண்டு வந்தாலும் சாமித் தட்டுக்குப் பக்கத்தில வச்சிட்டு, "பிள்ளை, கூப்பன் திகதி முடியப் போகுது, போய் எடுத்துக்கொண்டு வா" எண்டு ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஞாபகப்படுத்துவா. அம்மாவுக்கு நான் விளங்கப்படுத்தப் பாத்தன், அந்தக் கூப்பன் எங்களுக்கு வர வேண்டிய பங்கு, எடுக்காட்டி எங்களுக்கு நட்டம், இந்தக் கூப்பன் அப்பிடியில்ல, நாங்கள் 5,000 ரூபாயைக் கொண்டு போய்க் குடுத்தாத்தான் அதுக்கு உயிர் வரும், வீட்டில சாமான் கிடக்கேக்க எடுக்காம விட்டா ஒரு சதமும் போகாது எண்டு. தலையாட்டுவா, அடுத்த நாள் திரும்பக் கேப்பா. எனக்கும் அந்த எண்ணம் உள்ளுக்க கிடக்கு போல, அதுதான் திகதி முடியப் போகுதெண்டா பதறி ஓடினன்.

இனிக் கணக்கு. மூண்டு மாசத்தில ஏழு தரம் போயிருக்கிறன், மொத்த பில் 46,300. நாலு கூப்பன் கிடைச்சுது, மூண்டைத்தான் பாவிச்சன், நாலாவது அருவி வெட்டு நேரம் வந்து மாட்டிக்கொண்டுது. மிசின் எப்ப வருமெண்டு தெரியாது, வேலையாக்களுக்குச் சமைக்கோணும், நெல்லுக் காய விடோணும், யார் ரவுணுக்குப் போறது. 14 நாள் எண்டுறது ரவுணுக்குள்ள இருக்கிற ஆக்களுக்குப் போதும், எங்களை மாதிரிப் பரந்தன் முல்லைத்தீவு ரோட்டில உள்ளுக்க இருக்கிற ஆக்களுக்குக் காணாது. ஒரு மாசமாவது தரலாம், இதைக் கடைக்காரர் உண்மையா யோசிக்கோணும்.

மூண்டு கூப்பனால 1,500, தங்கச்சியின்ர பிள்ளைக்குப் பம்பஸ் ரெண்டு பைக்கட் எடுத்ததில பைக்கட்டுக்கு 300 படி 600, பொயின்ட் 230. எல்லாம் சேத்து 2,330 ரூபா கழிவு. 46,300க்கு இது நூற்றுக்கு 5, இவர் அண்டைக்குச் சொன்னதுதான் கடைசியிலயும் வந்துது.

ஆனா அது முழுக்கக் கையில நிக்கேல்ல. ரெண்டு தரம் வேற ஒரு அலுவலும் இல்லாமக் கூப்பனுக்காக மட்டும் பஸ் ஏறியிருக்கிறன், போக வர 210 படி 420 ரூபா. அதைவிடப் பெரிசு, 5,000ஐ நிரப்புறதுக்கு வாங்கின சாமான். பில்லை எடுத்து வச்சு, இது வீட்டுக்குத் தேவைப்பட்டதோ எண்டு ஒவ்வொண்டாக் கேட்டுக் கோடு போட்டன். பாத்ரூமுக்கு வாசம் அடிக்கிறது, ஐஸ்கிரீம் டப்பா (பஸ்ஸில வீடு வந்து சேர உருகிப் போச்சு), பிள்ளையள் கேட்ட சொக்லட், ஒருத்தரும் தொடாத சோஸ் போத்தல், இப்பிடி 2,940 ரூபா. 4,600ல பில் நிக்கேக்க, இன்னும் 400தானே, 500 கழியும்தானே எண்டு மனம் சொல்லும், பேந்து கை போய் எடுக்கிறது 900 ரூபாச் சாமானா இருக்கும். ஆகக் கழிவு 2,330, நட்டம் 3,360, அப்ப 1,030 ரூபா எங்கட கையால போயிருக்கு. இதைக் கூட்டிப் பாத்த அண்டைக்கு எனக்கு நித்திரை வரேல்ல. அந்தக் காசில பிள்ளையளுக்கு முட்டை வாங்கியிருக்கலாம்.

இன்னொண்டு, எங்களுக்கு ஆகக் கூடச் செலவு பால்மாதான். கூப்பனைக் கொண்டு போய் பால்மாவும் சீனியும் பருப்புமா அடுக்கிக்கொண்டு நிக்க, கவுண்டரில நிண்ட பிள்ளை "அக்கா, இதுகள் கூப்பன் கணக்கில சேராது" எண்டா. பின்பக்கம் திருப்பிப் பாத்தா சின்ன எழுத்தில இங்கிலீசிலயும் சிங்களத்திலயும் கிடக்கு, தமிழில ஒரு வரி இல்ல. கிளிநொச்சியில குடுக்கிற துண்டில தமிழ் இல்லாட்டி எங்கட வயசானதுகள் என்னண்டு வாசிக்கிறது? அந்தப் பிள்ளையில பிழை சொல்ல மாட்டன், அவவும் எங்கட ஊர்ப் பிள்ளைதான், பின்னால வரிசை நிக்கேக்க ஆறுதலா விளங்கப்படுத்தினா.

அரிசி எங்களுக்குத் தேவையில்ல, சொந்த நெல்லை அவிச்சுக் குத்தி வச்சிருக்கிறம். மரக்கறி, மீன் பொதுச்சந்தையில, அது 2016ல எரிஞ்சு திரும்ப எழும்பின சந்தை, அங்க விக்கிறது எங்களை மாதிரித் தோட்டக்காரர்தான், கூப்பன் இல்லாட்டியும் அங்கதான் வாங்குவன். சில பாங்குக் கார்டுக்கு மரக்கறி, மீனுக்கெல்லாம் குறிப்பிட்ட கிழமைகளில பெரிய கழிவு குடுக்கினம், ஆனா அந்தக் கார்டு மாசச் சம்பளக்காரருக்குத்தான் லேசாக் கிடைக்கும், போகம் போகமாக் காசு பாக்கிற வீட்டுக்கு எங்கால கிரெடிட் கார்ட்? ஊர்க் கடை அண்ணை பருப்புக்கு 10, 15 ரூபா கூட எடுக்கிறார் எண்டது உண்மைதான், ஆனா நெல்லு வித்துக் காசு வரும் மட்டும் கொப்பியில எழுதி வச்சுச் சாமான் தாறவர் அவர். அந்த 15 ரூபாயை நான் பெரிசா எடுக்கேல்ல.

அப்ப கூப்பனால ஒண்டுமே இல்லையோ எண்டா, இருக்கு. பம்பஸ், சோப் பவுடர், பற்பசை, பாத்திரம் கழுவுற சவுக்காரம், இந்த நாலும் எப்பிடியும் வாங்கத்தான் போறம், கெட்டும் போகாது. பம்பஸில ஒரு கவனம், பிள்ளை கெதியா வளரும், தங்கச்சி மலிவெண்டு அதே சைஸில இன்னொரு பைக்கட் எடுத்து, பேந்து அது இறுக்கமாப் போய்ப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்தவ. பெரிய பை எப்பவும் மலிவு எண்டும் நினைக்காதேங்கோ. 2 கிலோ சோப் பவுடர் 960, கழிவு 80 போக 880 எண்டு மஞ்சள் மட்டையில எழுதியிருந்துது, அதே ராக்கையில 1 கிலோ பை 430, ரெண்டு எடுத்தா 860. போனில கல்குலேட்டர் இருக்குத்தானே, அதிலயே நிண்டு அடிச்சுப் பாருங்கோ.

பில்லையும் கடையை விட்டு வெளிக்கிட முதல் பாருங்கோ. ஒருக்கா ராக்கையில ஒரு விலை, பில்லில இன்னொரு விலை, 45 ரூபா வித்தியாசம், காட்டினவுடன திருத்தித் தந்தவை. பைக்கட்டில அடிச்ச உச்ச விலைக்கு மேல எந்தக் கடையும் விக்கேலாது, பெரிய கடையெண்டாலும் ஊர்க் கடையெண்டாலும் ஒண்டுதான். வித்தா நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977 நம்பருக்கு அடிச்சுச் சொல்லலாம், பில் மட்டும் கையில இருக்கோணும்.

இந்த மூண்டு மாசக் கணக்குக்குப் பிறகு வந்த ஒரு கூப்பன் இப்பவும் சாமித் தட்டுக்குப் பக்கத்தில கிடக்கு. வாற செவ்வாய்க்கிழமை அம்மாவுக்குக் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில கிளினிக், எப்பிடியும் போகத்தான் வேணும், திகதியும் அதுக்குள்ள நிக்குது. சித்திரைக்கு வாற சனத்துக்கும் சேத்து சவுக்காரம், சோப் பவுடர், பற்பசை, பம்பஸ் ஒரு பைக்கட் எண்டு எழுதி வச்சுக் கூட்டிப் பாத்தன், 5,240 வருது. 5,000 வராட்டிக் கூப்பனை விட்டிட்டுத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு வாறதெண்டுதான் இருந்தன். வந்திட்டுது, அம்மாவுக்கும் சொல்லிட்டன்.